இரண்டாவது சாவி யாரிடம்?

ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பேர் வேண்டாம். பேர் எழுதினால் அந்தப் பையனுக்கு நாளைக்குக் கூலித் தறி கிடைக்காது. போன வருஷம் ஆடி மாசம் காலனியில் ஒரு கிழவி செத்துப்போனாள். மழை பேஞ்சு ஏரிக்கரை வழியெல்லாம் சேறு. பாடையை ஊர்த்தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறித்தார்கள். பாடையை நடுரோட்டில் இறக்கி வைக்கவேண்டி வந்தது. பையன் நாலு நிமிஷம் போனில் பிடித்தான். யார் மறித்தது, யார் கல்லை எடுத்தது, யார் வாயிலிருந்து எந்த வார்த்தை வந்தது எல்லாம் அதில் இருந்தது.

சாயங்காலம் வந்த காவலர், விசாரணைக்கு வேணும் என்று போனைக் கேட்டார். பையன் அவங்க அம்மா போனிலிருந்து என்னைக் கூப்பிட்டான். நான் வங்கியில் எழுத்தன். கவிதை எழுதுகிறவன். காலனிக்கு மனு எழுதித் தருகிறவன். நாலு பேர் மதிக்கிற அந்த வாயால் நான் சொன்னேன்: "குட்துடு தம்பி. அது நம்ம சாட்சி. அவங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்."

ரசீது இல்லை. உறை இல்லை. அரக்கு முத்திரை இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். 41 நாள் கழித்து போன் திரும்பி வந்தது. வீடியோ வரவில்லை. "நீயே அழிச்சிருப்ப" என்றார்கள். வழக்கு 'இருதரப்பு மோதல்' ஆனது. அந்தப் பக்கம் நாலு பேர், நம்ம பக்கம் ஏழு பேர்.

பையன் வங்கிக்கு வந்தான். என் கவுண்டருக்கு எதிரே நின்றான். சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான்:

"இன்னாண்ணா, இந்தக் கண்ணாடிக்கு அந்தாண்ட கீற பணத்துல ஒரு கட்டை, யார்னா வந்து கேட்டா, கையெழுத்து வாங்காம எட்துக் குட்துடுவீங்களா?"

குடுக்க மாட்டேன். பணப் பெட்டகத்துக்கு எங்களிடம் இரண்டு சாவி. ஒன்று மேலாளரிடம், ஒன்று காசாளரிடம். ஒருத்தர் மட்டும் திறக்க முடியாது. அவர் அரிச்சந்திரனாகவே இருந்தாலும் முடியாது. ஆள் நல்லவரா கெட்டவரா என்பதில்லை கணக்கு. ஒற்றை ஆளை நம்பவே கூடாது என்பதுதான் வங்கியின் அரிச்சுவடி. பத்து வருஷமாக அந்த அரிச்சுவடியில் சம்பளம் வாங்குகிறேன். ஒரு சேரிப் பையனின் சாட்சி என்று வந்தபோது மட்டும் ஒற்றைச் சாவிக்காரரை நம்பச் சொன்னேன். இந்தக் கட்டுரை அந்தக் குற்றத்திலிருந்து எழுதப்படுகிறது.

*

சாட்சி என்கிற விஷயத்தில் நமக்கு நீண்ட வரலாறு உண்டு. அது நம்பப்படாததின் வரலாறு. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். பார்த்தவர்கள் இருந்தார்கள், சொன்னார்கள். மேல்முறையீட்டில் நிலக்கிழார்கள் விடுதலையானார்கள். அவ்வளவு வசதி படைத்தவர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லையாம். நம் கண் பார்த்தது பொய். அவர்கள் சொத்துப் பத்திரம் மெய்.

அதனால்தான் எந்திரம் சாட்சி சொல்லும் காலம் வந்தபோது நம்மில் பலர் மூச்சு விட்டோம். கேமராவுக்குச் சாதி கிடையாது என்று மேடையில் பேசினோம். நானும் பேசினேன். அதற்கு ஆதாரமும் இருந்தது.

ஓமலூர் கோகுல்ராஜ், பொறியியல் பட்டதாரி, நம்ம பையன். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலில் ஒரு தோழியோடு பேசிக்கொண்டிருந்தான். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தான். தற்கொலை என்று சொல்ல எல்லாம் தயாராக இருந்தது. காதல் தோல்வி என்று அவனையே பேச வைத்து எடுத்த வீடியோ உள்பட. தீரன் சின்னமலைக் கவுண்டர் பேரவையின் யுவராஜ் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸப்பில் வீரவசனம் பேசி அனுப்பிக்கொண்டிருந்தார். விசாரித்த டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா அதே வருஷம் செப்டம்பரில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். கூட இருந்த தோழி நீதிமன்றத்தில் பிறழ்சாட்சி ஆனார். 2022 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவரை அழைத்து, கோயில் கேமரா பதிவை அவர் கண்முன்னே ஓடவிட்டுக் கேட்டது. அதில் இருப்பது நான் இல்லை என்றார். அவரை நான் திட்டமாட்டேன். தன் முகத்தையே தன் முகம் இல்லை என்று ஒரு பெண்ணைச் சொல்லவைக்கிற பயம் எவ்வளவு பெரிசு என்பதைத்தான் அளந்து பார்க்கிறேன்.

மனுஷ வாய்கள் எல்லாம் அடைபட்ட பிறகு அந்த வழக்கைத் தூக்கி நிறுத்தியதில் கோயில் கேமராவின் பதிவுக்குப் பெரிய பங்கு உண்டு. எதிர்த்தரப்பு அதைக் கேள்விக்குள்ளாக்கியது. 2023 ஜனவரியில் நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் மலைக்கோயிலுக்கே போய்க் கேமரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜுக்குக் கொடுத்த சாகும்வரை ஆயுள் தண்டனையை 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆக, எந்திரம் நம்மைக் காப்பாற்றியது. சரிதானே?

அவசரப்படாதீர்கள் தோழர்களே. அதே வழக்கில் இன்னொரு எந்திரப் பதிவும் இருந்ததை மேலே சொன்னேன். 'நான் தற்கொலை செய்துகொள்கிறேன்' என்று கோகுல்ராஜ் பேசிய வீடியோ. அதுவும் போனில் எடுத்ததுதான். முகம் அவன் முகம், குரல் அவன் குரல். ஆனால் பொய். மிரட்டிப் பேசவைத்தவன் படத்துக்கு வெளியே நிற்கிறான். கோயில் பதிவுக்குப் பக்கத்தில் அந்த வீடியோவை வைத்துப் பார்க்கிற ஆட்கள் இருந்ததால்தான் உண்மை வந்தது. தாய் விடாமல் போராடி விசாரணையை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வைத்தார். பவானி பா. மோகன் போல ஒரு வழக்கறிஞர் அரசுத் தரப்பில் நின்றார். எந்திரம் தானாகப் பேசவில்லை. பேசவைத்தார்கள்.

*

இந்த எந்திரம் எப்படிச் சாட்சி வைத்துக்கொள்கிறது என்று தெரிந்துகொள்வோம். ஆரணிக்காரனுக்கு இது ரொம்ப எளிது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறதே, அதில் வரிசையாக அட்டை ஓடும். அட்டையில் ஓட்டை இருந்தால் ஒரு கதை, இல்லாவிட்டால் வேறு கதை. அந்த ஓட்டைகள்தான் கரையில் அன்னமாகவும் மயிலாகவும் விழுகின்றன. போனுக்குள்ளே இருப்பதும் இதே சங்கதிதான். ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை. கோடிக்கணக்கில். என் அப்பா முதலாளி வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்தவர். அட்டையில் ஒரே ஒரு ஓட்டை தப்பாகக் குத்தியிருந்தாலும் புடவை முழுக்க அதே இடத்தில் அதே பிசகு வரும். அட்டை குத்தியவன் தப்பு. கூலி பிடிப்பது நெய்தவனுக்கு. அவருக்கு இது தத்துவம் அல்ல, சாப்பாட்டுப் பிரச்சினை.

போனில் ஒரு படத்தை அழித்தால் உடனே அது அழிந்துவிடுவதில்லை. வங்கிப் பேரேட்டின் பொருளடக்கத்தில் மட்டும் ஒரு பேரை அடித்தால், உள்ளே அந்தப் பக்கம் இருந்துகொண்டுதானே இருக்கும்? அந்த இடத்தில் புதிசாக எழுதுகிற வரைக்கும் பழசு கிடக்கும். பழைய கணினிகளில் அழித்ததை மீட்பது இப்படித்தான். ஆனால் புதிய போன்களில் ஒவ்வொரு கோப்பும் பூட்டப்பட்டே இருக்கிறது. அழிக்கும்போது அதன் சாவியும் சேர்ந்து போய்விடும். அப்போது ஆய்வாளர்கள் சுற்றுவழியில் தேடுகிறார்கள். செயலிகளின் குறிப்பேடுகளில், காப்புப் பிரதிகளில், படத்தொகுப்பு தனக்காக வைத்துக்கொள்ளும் குட்டிப் படங்களில், அந்தப் படத்தை வாங்கிய இன்னொருத்தர் போனில்.

நம்ம பையனின் போனை வேலூரில் கணினி படித்த தோழர் ஒருவர் உட்கார்ந்து பார்த்தார். வீடியோ போனது போனதுதான். ஆனால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குட்டிப் படம் மிச்சம் இருந்தது. ரோட்டில் ஒரு பாடை. ஓங்கிய ஒரு கை. முகம் இல்லை. வீடியோ என்று ஒன்று இருந்தது என்பதற்கு அது போதும். யார் கை என்பதற்குப் போதாது.

முறையாகச் செய்தால் எப்படிச் செய்யவேண்டும்? எடுத்தவுடன் போனை அலை புகாத பையில் போடவேண்டும். இல்லாவிட்டால் எங்கிருந்தோ ஒருத்தர் உள்ளே இருப்பதை அழித்துவிட முடியும். ஆய்வகத்தில் அதிலிருந்து முழு நகல் எடுக்கவேண்டும். கணினி வட்டு என்றால் அசலில் ஒரு எழுத்துகூட எழுதவிடாத தடுப்புக் கருவியை இடையில் வைக்கவேண்டும். ஆராய்வது நகலில்தான், அசலில் கை வைக்கக்கூடாது. நகல் எடுத்ததும் அதற்கு 'ஹாஷ்' என்கிற எண்ணைக் கணக்கிடவேண்டும்.

ஹாஷ் என்பது என்ன? எங்கள் வங்கியில் நாள் முடிவில் அன்றைய வரவுசெலவை எல்லாம் கூட்டி ஒரு மொத்தம் எழுதுவோம். அதுபோல, கோப்பில் இருக்கிற எல்லா ஓட்டைகளையும் ஒரு கணக்கில் போட்டு அரைத்து எடுக்கிற சுருக்க எண். எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் அது 64 எழுத்து வரும். பேரேட்டின் மொத்தத்தைவிட இது கறாரானது. பேரேட்டில் இங்கே பத்து கூட்டி அங்கே பத்து குறைத்தால் மொத்தம் மாறாது. ஹாஷில் அந்தத் திருட்டு செல்லாது. உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் அறுபத்துநாலும் தலைகீழாகிவிடும்.

இதுதான் தோழர்களே இரண்டாவது சாவி. பொருள் அவர்களிடம் இருக்கட்டும். எண் எங்களிடம் இருக்கவேண்டும்.

கேரளத்தில் ஒரு நடிகை மீதான வன்முறை வழக்கில் முக்கிய சாட்சியான நினைவட்டையின் ஹாஷ் எண் மாறியிருந்தது. எங்கே வைத்து மாறியது? நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்தபோதே மாறியது. அவர் விடாமல் போராடி, 2023 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்திடம் விசாரணை உத்தரவு வாங்கினார். எப்படி முடிந்தது? ஒப்பிட்டுப் பார்க்க முதலில் எழுதி வைத்த ஒரு எண் இருந்தது. நம்ம பையனுக்கு அந்த முதல் எண் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

*

சாட்சியை அழிப்பது ஒரு வகை. சாட்சியைப் பிறப்பிப்பது இன்னொரு வகை. இது மேலும் கொடூரம்.

1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்ற மகர் வீரர்களின் நினைவுத் தூணுக்கு 2018 ஜனவரி 1 அன்று, இருநூறாம் ஆண்டுக்கு, லட்சக்கணக்கில் நம் மக்கள் போனார்கள். கல்லெறி வாங்கினார்கள். அடித்தவர்களைத் தேடவேண்டிய வழக்கு எங்கெங்கோ போய், எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள் வீட்டு லேப்டாப்புகளில் நுழைந்தது. பிரதமரைக் கொல்லச் சதி என்றார்கள். கடிதம் கிடைத்தது என்றார்கள். நாளிதழ்கள் அந்தக் கடிதங்களை அச்சடித்தன. தடயம் பேசிவிட்டது என்றன.

சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அந்தக் கணினிகளின் நகல் கொடுத்தாகவேண்டும். கொடுத்தார்கள். வழக்கறிஞர்கள் ரோனா வில்சனின் நகலை அமெரிக்காவில் உள்ள அர்செனல் கன்சல்டிங் என்ற ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். 2021 பிப்ரவரியில் அதன் அறிக்கை வெளிவந்தது. நெட்வயர் என்ற ஒட்டுண்ணி நிரல் வழியாக 22 மாதங்கள் எவனோ அந்த லேப்டாப்புக்குள் குடியிருந்திருக்கிறான். மறைவான ஒரு கோப்புறையைத் தானே உருவாக்கி, கடிதங்களைத் தானே கொண்டுவந்து வைத்திருக்கிறான். அந்தக் கடிதங்களை அந்தக் கணினியில் யாரும் திறந்ததற்கே தடயம் இல்லை. அவர் கணினியில் இல்லாத வேறொரு வேர்ட் பதிப்பில் தட்டச்சு செய்தவை அவை.

ஸ்டேன் சுவாமியை நினையுங்கள். நம்ம திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு ஆயுளைக் கழித்தவர். நடுக்குவாதத்தில் கை நடுங்க, தண்ணீர் குடிக்கச் சிறையில் ஒரு உறிஞ்சுகுழல் கேட்டு மனுப் போட்டவர். 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், காவலில் இருக்கும்போதே செத்துப்போனார். அவர் கணினியிலும் நாற்பதுக்கு மேற்பட்ட கோப்புகள் வெளியிலிருந்து திணிக்கப்பட்டவை என்ற அர்செனல் அறிக்கை 2022 டிசம்பரில் வந்தது. 2019 ஜூன் 12 அன்று போலீஸ் வந்து கணினியை எடுத்தது. அதற்கு முந்தின நாள், ஜூன் 11 அன்று, உள்ளே இருந்தவன் தன் காலடித்தடங்களைத் துடைக்க முயன்றிருக்கிறான். நாளைக்கு ரெய்டு வரும் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? தேசியப் புலனாய்வு முகமை இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. சரி, ஏற்கவேண்டாம். கேள்விக்குப் பதில் சொல்லட்டுமே.

இதே வழக்கில் ஆனந்த் டெல்டும்ப்டே சரணடையவேண்டி வந்தது எந்த நாளில் தெரியுமா? 2020 ஏப்ரல் 14. அம்பேத்கர் பிறந்தநாள். அம்பேத்கர் குடும்பத்து மருமகன். அவருக்குப் பிணை கிடைத்தது 2022 நவம்பரில்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது இதுதான். இவ்வளவு பெரிய குற்றச்சாட்டை அசைத்துப் பார்க்க முடிந்தது எப்படி? நகல் கையில் கிடைத்தது. இரண்டாவது சாவி கிடைத்தது. கிடைப்பதற்குள் ஒரு கிழவர் செத்துப்போனார்.

*

இப்போது வேங்கைவயலுக்கு வருவோம். வரவேண்டும் என்றுதான் இவ்வளவும் சொன்னேன்.

புதுக்கோட்டை மாவட்டம், முத்துக்காடு ஊராட்சி. 2022 டிசம்பர் 26 அன்று நம் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்தது. பிள்ளைகளுக்கு உடம்புக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அப்போது அங்கே போன மாவட்ட நிர்வாகமே டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்டு வழக்குப் போட்டது. ஆட்சியரே நம் மக்களைக் கோயிலுக்குள் அழைத்துக்கொண்டு போகவேண்டி வந்தது. அப்படிப்பட்ட ஊர். 2023 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. வந்தது. 31 பேரிடம் மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். பொருந்தவில்லை. இரண்டு வருஷம் ஓடியது. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை. குற்றவாளிகள் யார்? நம் மக்களிலேயே மூன்று பேர். முக்கியமான சான்று என்ன? கைப்பேசிகளிலிருந்து மீட்டெடுத்த படங்கள், பேச்சுகள்.

சில நாளில் அந்தப் படங்களும் பேச்சும் தொலைக்காட்சியில் ஓடின, வாட்ஸப்பில் ஓடின. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு வராத சான்று டீக்கடையில் தீர்ப்பாகிவிட்டது. பிப்ரவரியில் வழக்கு வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து சாதாரண நடுவர் நீதிமன்றத்துக்கு மாறியது. குற்றம் சாட்டப்பட்டவர்களும் நாங்களே, பாதிக்கப்பட்டவர்களும் நாங்களே, அப்புறம் என்ன வன்கொடுமை என்றாகிவிட்டது.

என் முற்போக்கு நண்பர் ஒருவர், என் கவிதைகளுக்கு முன்னுரை எழுதினவர், சொல்றார்: "அறிவியல் சொல்லிடுச்சுப்பா. இனிமே சாதியப் பேசுறது உணர்ச்சிவசப்படுறது." அய்யா, மரபணு பொருந்தவில்லை என்று சொன்னதும் அறிவியல்தான். அப்போது நீங்கள் அறிவியல் சொல்லிடுச்சு என்று சொல்லவில்லையே.

நான் தீர்ப்பு எழுதவில்லை. அந்த மூன்று பேரும் குற்றமற்றவர்கள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. குற்றவாளிகள் என்று சொல்ல உங்களுக்கும் தகுதி இல்லை என்பதுதான் என் வாதம். ஒரு படம் என்ன சொல்கிறது? ஒருவர் தொட்டிமேல் நின்றார் என்று சொல்கிறது. எதற்காக நின்றார் என்று சொல்லாது. தண்ணீரில் நாற்றம் வந்தது, ஏறிப் பார்த்தோம், படம் எடுத்தோம் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அப்படியானால் முழு வழக்கும் ஒரு கேள்வியில் நிற்கிறது. படம் எடுத்த நேரம் எது, நாற்றம் தெரிந்த நேரம் எது?

நேரம் என்பது இந்தத் துறையில் சாமானிய விஷயம் அல்ல. பல செயலிகள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் குறித்துவைக்கும். நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். மாற்றாமல் படித்தால் சாயங்காலம் நடந்தது மத்தியானம் நடந்ததாகிவிடும். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில், எடுத்த நேரமும் கேமராவின் விவரமும் உதிர்ந்துபோய் அனுப்பிய நேரம்தான் நிற்கும். கோபுரப் பதிவு ஒரு போன் எந்தக் கோபுரத்தின் வட்டாரத்தில் இருந்தது என்று சொல்லும், யார் கையில் இருந்தது என்று சொல்லாது. ஒரே ஊரில் குடியிருக்கிறவர்களின் போன் அந்த ஊர்க் கோபுரத்தில்தான் இருக்கும், பின்னே டெல்லியிலா இருக்கும்?

எனவே கேட்கிறோம். எந்தப் போன், எந்தத் தேதியில், யார் முன்னிலையில் எடுக்கப்பட்டது? நகலின் ஹாஷ் எண் என்ன, எந்த நாளில் குறித்தது? படங்கள் அசல் கேமராக் கோப்புகளா, அனுப்பி வந்தவையா? முழு நகலைக் குற்றம் சாட்டப்பட்டவர் நியமிக்கிற நிபுணர் பார்த்தாரா? இதற்கெல்லாம் குறுக்கு விசாரணையில் பதில் வந்தபிறகு அறிவியல் என்ற சொல்லைப் பேசுவோம். அதுவரைக்கும் அது அரசுத் தரப்பு. அறிவியலுக்கு அது செல்லப்பேர் அல்ல.

*

இன்னொரு பக்கமும் பேசவேண்டும். நம் இளைஞர்களில் சிலர், எல்லாத் தடயமும் மோசடிதான், நமக்கு எதற்கு இந்தப் படிப்பு என்கிறார்கள். இது வீரமாகத் தெரியும். தோல்விக்குத் தயாராவது அது. கோகுல்ராஜ் வழக்கில் அப்படி விட்டிருந்தால் இன்றைக்கு அவன் 'தற்கொலை'. இன்னும் சிலர் வீடியோ எடுத்ததும் நூறு குழுவுக்குத் தட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று அசலை அழித்துவிடுகிறார்கள், போனில் இடம் இல்லையாம். நூறு குழுவில் ஓடுவது கோபம். அசல்தான் சாட்சி.

சட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி போய், பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவு வந்திருக்கிறது. மின்னணுச் சான்றோடு தரவேண்டிய சான்றிதழில் ஹாஷ் எண் எழுத இடம் வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் அது நீதிமன்றத்தில் கொடுக்கும்போது. போனைப் பிடுங்குகிற அந்த மாலைநேரத்துக்கும் அந்தச் சான்றிதழுக்கும் நடுவில் எத்தனை நாள், எத்தனை சட்டைப் பை? புதிய நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுவதையும் ஒலி ஒளியில் பதிவு செய்யவேண்டும் என்கிறது. அதில் ஹாஷ் பற்றி ஒரு சொல் கிடையாது. 230ஆம் பிரிவு, வழக்கறிஞர் வைத்திருக்கிற பாதிக்கப்பட்டவருக்கும் வழக்கு ஆவணங்களின் நகலை இலவசமாகத் தரச் சொல்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு நமக்குத் தகவல் பெறும் உரிமையையும், விசாரணை நடவடிக்கைகளை வீடியோவில் பதிவு செய்வதையும் சொல்கிறது. காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்கவேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடிபட்ட இரவின் பதிவு இல்லை. வட்டில் இடம் ஏராளமாக இருந்தும் அன்றன்றைக்கு அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள் என்று விசாரித்த நடுவர் எழுதினார். சட்டம் புத்தகத்தில் இருக்கும். அமைப்பு எந்திரத்தில் இருக்கும். எந்திரத்தைப் படிக்கத் தெரியாதவன் சட்டத்தை மட்டும் படித்து என்ன செய்வான்?

ஆகவே நம் கோரிக்கை மூன்று. வன்கொடுமை வழக்கில் போன், கணினி, கேமராப் பெட்டி எதை எடுத்தாலும், எடுத்த இடத்திலேயே பட்டியல் எழுதி, உறையிட்டு, முத்திரையிட்டு, உரியவருக்கு நகல் தரவேண்டும். போன் முழுவதற்கும் தெருவில் வைத்து ஹாஷ் போடமுடியாது. போன் ஓடிக்கொண்டே இருப்பது, உள்ளே மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் குறிப்பிட்ட ஒரு வீடியோவுக்கு அங்கேயே, ஒரு நிமிஷத்தில் போடமுடியும். அதைப் பட்டியலில் எழுதவேண்டும். இது முதலாவது. ஆய்வகத்தில் முழு நகல் எடுக்கிற அன்றைக்கே அதன் ஹாஷைப் பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் தரவேண்டும். இது இரண்டாவது. குற்றம் சாட்டப்பட்டவரானாலும் பாதிக்கப்பட்டவரானாலும், சேரி ஆளுக்குத் தன் பக்கத்து நிபுணரை வைக்க அரசே செலவு தரவேண்டும். அர்செனலுக்கு அனுப்ப எல்லோருக்கும் வழி இருக்காது. இது மூன்றாவது.

கோரிக்கை நிறைவேறும்வரை கை கட்டி உட்காரவேண்டாம். எடுத்த வீடியோவை வெட்டாதே, பாட்டு போடாதே, பேர் மாற்றாதே. உடனே அதன் ஹாஷைக் கணக்கிட்டு, தேதி போட்டு, வழக்கறிஞருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் அனுப்பி வை. வீடியோவையே அனுப்பவேண்டி வந்தால் ஆவணமாக அனுப்பு, படமாக அனுப்பாதே. அசல் போனைப் பத்திரமாக வை. கடைக் கேமராப் பெட்டிகள் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும், சில வாரத்தில் எல்லாம் போய்விடும். ஆகவே அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி அன்றைக்கே எழுத்தில் மனுக் கொடு. போனைக் கேட்டால் மறைக்காதே, மறுக்காதே. ரசீது கேள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே.

மாணவத் தோழர்களே, கணினி படித்துவிட்டுச் சென்னையிலும் பெங்களூரிலும் கம்பெனிகளுக்கு உழைக்கிறீர்கள். உழையுங்கள், வீட்டுக் கடன் இருக்கிறது. மாசத்தில் இரண்டு ஞாயிறு இதைப் படியுங்கள், காலனிக்கு வந்து சொல்லிக்கொடுங்கள். நம்மிடம் பறை அடிக்க ஆள் இருக்கிறது, பாட ஆள் இருக்கிறது, என்னைப் போலக் கவிதை எழுத ரொம்பப் பேர் இருக்கிறோம். ஒரு நினைவட்டையை ஒழுங்காக நகல் எடுக்க எத்தனை பேர் இருக்கிறோம்?

போன மாசம் அந்தப் பையன் திரும்ப வந்தான். இரவில் நெய்கிறான், பகலில் வேலூருக்குப் போய் அந்தத் தோழரிடம் கற்றுக்கொள்கிறான். ஒரு பழைய வீடியோவின் 64 எழுத்தையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தான். கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் தள்ளினான்.

"இத்த வெச்சிக்கோண்ணா. அசல் என்கிட்ட கீது."

வாங்கி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, அவனுக்கு ரசீது கொடுத்தேன்.